விலகிய தோள்மூட்டு: சத்திரசிகிச்சை யாருக்கு, எது, எப்போது?

வாசகர் கேள்வி – வைத்தியர் பதில்

கேள்வி: எனக்கு வயது 36. புறக்கோட்டை நான்காம் குறுக்குத் தெருவில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்கிறேன். கணக்கு எழுதுவதுதான் என் வேலை என்றாலும், நாட்டாமிகள் வராத நாட்களில் மூட்டையும் தூக்க வேண்டியிருக்கும். பதினொரு நாட்களுக்கு முன் மழையில் மோட்டார் சைக்கிள் சறுக்கியதில், வலது தோள் நேராகத் தரையில் அடிபட விழுந்தேன். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு எலும்பு முறியவில்லை, மூட்டு விலகியிருக்கிறது, மூன்றாம் வகை என்றார்கள். தோளின் மேல் எலும்பு புடைத்து நிற்கிறது. ஒரு நிபுணர் உடனே சத்திரசிகிச்சை செய்வது நல்லது என்கிறார். இன்னொருவர் தேவையில்லை என்கிறார். தகடு, நூல், தசைநார் என்று ஆளுக்கொன்று சொல்வதால் குழம்பிப்போயிருக்கிறேன். விளக்குவீர்களா? – வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: இந்தக் காயத்தில் நாட்கணக்கு முக்கியம் என்பதால், இதழ் அச்சாகும் வரை காத்திராமல் இப்பதிலின் சுருக்கத்தை உங்களுக்குத் தபாலில் அனுப்பிவிட்டேன். மற்ற வாசகர்களுக்காக இங்கே விரிவாக எழுதுகிறேன்.

உங்களைப் பார்த்த இரண்டு நிபுணர்களில் ஒருவர் தவறாகச் சொல்கிறார் என்று நினைக்க வேண்டாம். மூன்றாம் வகை விலகலைப் பொறுத்தவரை உலகெங்கும் எலும்பு முறிவு நிபுணர்கள் இன்னும் இரண்டு அணியாகத்தான் நிற்கிறார்கள். ஏன் என்று புரிய, விலகியது எந்த மூட்டு என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

‘தோள் கழன்றுவிட்டது’ என்று நாம் பொதுவாகச் சொல்வது மேற்கை எலும்பின் உருண்டைத் தலை அதன் குழியிலிருந்து வெளியே வருவதை. அது வேறு காயம். உங்களுக்கு விலகியிருப்பது அதற்கு மேலே, காறை எலும்பின் வெளிநுனியும் தோள்பட்டை எலும்பின் உச்சியும் சந்திக்கும் சிறிய மூட்டு. சட்டைத் தோளின் தையல் விழும் இடத்தைத் தடவிப் பார்த்தால் அது கைக்குத் தட்டுப்படும். இந்த இரண்டு காயங்களையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று பண்டைய கிரேக்க வைத்தியர் ஹிப்போக்கிரட்டிஸ் காலத்திலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். மேடு தங்கிவிடும், ஆனால் கை பழுதாகாது என்ற குறிப்பும் அங்கேயே இருக்கிறது. இன்றைய விவாதத்தில் பாதி அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடுகிறது.

இம்மூட்டை இரண்டு தொகுதி இணைப்பு நார்கள் பிடித்து வைத்திருக்கின்றன. மூட்டை நேரடியாகச் சுற்றிக் கட்டியிருப்பவை, காறை எலும்பு முன்பின்னாக அசையாமல் காக்கின்றன. அங்கிருந்து சற்று உட்புறமாக, தோள்பட்டை எலும்பின் முன்பக்கத்தில் காக்கையின் அலகு போல வளைந்த ஒரு முனை இருக்கிறது. கொரக்கொயிட் என்ற அதன் பெயரே கிரேக்க மொழியில் காக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. அந்த அலகிலிருந்து காறை எலும்பின் அடிப்பக்கத்துக்கு ஏறும் இரண்டு தடித்த நார்கள்தாம் கையின் முழுப் பாரத்தையும் காறை எலும்பிலிருந்து தொங்கவிட்டிருக்கின்றன. அவை அறுந்தால் கையும் தோள்பட்டையும் கீழே இறங்கிவிடும். உங்கள் தோளில் எலும்பு மேலே எழும்பியதாகத் தெரிந்தாலும், உண்மையில் காறை எலும்பு ஏறக்குறைய இருந்த இடத்திலேயே இருக்க, தோள்தான் இறங்கியிருக்கிறது. கண்ணாடி முன்னால் நின்று, இடது கையால் வலது முழங்கையைத் தாங்கி மெல்ல உயர்த்திப் பாருங்கள். மேடு குறைவதைக் காண்பீர்கள். மேட்டை விரலால் அமுக்கினால் ஆர்மோனியக் கட்டை போல இறங்கி, விட்டதும் எழும்பும். வைத்தியர்கள் இதைப் பியானோக் கட்டை அறிகுறி என்பார்கள்.

எந்த நார் எவ்வளவு அறுந்திருக்கிறது, எலும்பு எந்தத் திசையில் விலகியிருக்கிறது என்பதை வைத்து ஆறு வகைகளாகப் பிரிக்கிறார்கள். அமெரிக்க எலும்பு முறிவு நிபுணர் ரொக்வூட் 1984 இல் ஒழுங்குபடுத்திய பிரிவு இது. முதல் இரண்டு வகைகளுக்குச் சத்திரசிகிச்சை கிடையாது. நான்காம் வகையில் எலும்பு நுனி பின்னோக்கிப் போய்த் தசைக்குள் குத்திக்கொண்டிருக்கும். ஐந்தாம் வகையில் அலகுக்கும் காறை எலும்புக்கும் இடையிலுள்ள தூரம் மற்றத் தோளோடு ஒப்பிடும்போது இரு மடங்குக்கும் மேலாகப் போய்விடும். ஆறாம் வகையில் நுனி கீழே போய் மாட்டிக்கொள்ளும், ஆனால் அது மிக அரிது. இந்த மூன்றுக்கும் பெரும்பாலும் சத்திரசிகிச்சையே வழி. நடுவில் நிற்கும் மூன்றாம் வகையில்தான் இழுபறி. இரண்டு தொகுதி நார்களும் அறுந்திருக்கும்; ஆனாலும் தூரம் இரு மடங்கைத் தாண்டியிருக்காது.

மூன்றாம் வகை என்று காகிதத்தில் எழுதியிருப்பதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம். இரண்டு தோள்களும் ஒரே படத்தில் விழும்படி முன்னிருந்து ஓர் எக்ஸ்ரேயும், அக்குளுக்குக் கீழிருந்து ஓர் எக்ஸ்ரேயும் எடுக்கப்பட்டனவா என்று கேளுங்கள். முன்னிருந்து எடுத்த படத்தில் மூன்றாம் வகையாகத் தெரிந்த விலகல், அக்குளுக்குக் கீழிருந்து எடுத்த படத்தில் நான்காம் வகையாகிவிடுவது உண்டு. அப்படியானால் இந்தப் பதிலில் பாதி உங்களுக்குப் பொருந்தாது.

மூன்றாம் வகைதான் என்று உறுதியானால், என் அபிப்பிராயம் ‘முதலில் பொறுங்கள்’ என்பதே. கனடாவில் பல வைத்தியசாலைகள் சேர்ந்து, விலகல் கடுமையாக இருந்த 83 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியினருக்குக் கொக்கித் தகடு வைத்தும் மற்றப் பகுதியினருக்குக் கையைத் தூக்கிக் கட்டி உடற்பயிற்சி கொடுத்தும் பார்த்து, 2015 இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறாவது வாரத்திலும் மூன்றாவது மாதத்திலும் கையின் பயன்பாடு, கத்தி படாதவர்களுக்கே மேலாக இருந்தது. ஆறு மாதத்துக்குப் பின் இரு பகுதியினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. எக்ஸ்ரே படம் மட்டும் சத்திரசிகிச்சை செய்தவர்களுக்கு அழகாக இருந்தது. நாம் படத்தைக் கொண்டு மூட்டை தூக்குவதில்லை.

ஆனாலும் உங்கள் நிலை சற்று வேறு. காயம்பட்டது வலது கை, வேலையில் பாரம் தூக்குதலும் உண்டு. இந்த வகைக் காயத்தைச் சும்மா விட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு, கையைத் தலைக்கு மேல் உயர்த்தி வேலை செய்யும்போது சோர்வும், தோள்பட்டை எலும்பு முதுகில் ஒழுங்காக நகராமையும் நீடிக்கின்றன. அதனால்தான் முதல் நிபுணர் உடனே செய்யலாம் என்கிறார். இப்போதைக்கு ஒன்றிரண்டு வாரம் கையைத் துணிப்பட்டியில் தூக்கிக் கட்டி, வலி அடங்கியதும் இயன்மருத்துவரிடம் தோள்பட்டைத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்கி, மூன்றாவது வாரத்துக்கும் ஆறாவது வாரத்துக்கும் இடையில் நிபுணரிடம் திரும்பக் காட்டுவது நடுவழி. அப்போதும் வலியும் பலவீனமும் குறையாமல், கையை மறு தோளுக்குக் கொண்டுபோகும்போது எலும்பு நுனி உச்சியின் மேல் ஏறிக்கொள்கிறது என்றால், சத்திரசிகிச்சையைப் பற்றிப் பேசலாம். இந்த வழிக்கும் ஒரு விலை இருக்கிறது என்பதை மறைக்கக் கூடாது. அறுந்த நார்கள் தாமாக ஒட்டும் வல்லமை ஏறக்குறைய முதல் மூன்று வாரங்களுக்குத்தான். அதற்குள் செய்தால் எலும்பை இடத்துக்குக் கொண்டுவந்து பிடித்து வைத்தாலே போதும். தாமதமானால் புதிய நார் ஒன்றை வைத்துக் கட்ட வேண்டிவரும்.

நீங்கள் கேட்ட சத்திரசிகிச்சை முறைகளுக்கு வருகிறேன். புத்தகங்களில் பெயர்கள் பல இருந்தாலும், முக்கியமான முறைகள் சிலதான்.

பழைய முறை, கம்பிகளை மூட்டுக்குக் குறுக்கே செலுத்துவது. கம்பி உடைந்து அல்லது நழுவி நெஞ்சுக்குள் போன சம்பவங்கள் பதிவாகியிருப்பதால், இன்று அதை ஒரு நிபுணர் உங்களிடம் முதல் தெரிவாகச் சொன்னால் காரணம் கேளுங்கள். 1941 இல் பொஸ்வேர்த் என்ற சத்திரசிகிச்சை நிபுணர் அறிமுகப்படுத்திய, காறை எலும்பிலிருந்து அலகுக்கு இறுக்கும் திருகாணியும் ஏறக்குறைய ஓய்வு பெற்றுவிட்டது. சில வாரங்களில் அதைக் கழற்ற வேண்டும், கழற்றாவிட்டால் உடையும்.

கொக்கித் தகடு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. தகடு காறை எலும்பின் மேல் திருகப்படும். அதன் வளைந்த நுனி தோளுச்சிக்குக் கீழே நுழைந்து நெம்புகோல் போல எலும்பைக் கீழே அழுத்தி வைக்கும். பிடி பலமானது, செய்வதற்கும் எளிது. ஆனால் கையை உயர்த்தும் ஒவ்வொரு தடவையும் அந்தக் கொக்கி உச்சி எலும்பின் அடியில் உரசும். எனவே கழற்றும் வரை கையைத் தோள்மட்டத்துக்கு மேல் உயர்த்த விடமாட்டார்கள். சாதாரணமாக மூன்று, நான்கு மாதங்களில் இரண்டாவது சத்திரசிகிச்சை செய்து தகட்டை எடுத்துவிடுவார்கள்.

பொத்தான்–நூல் முறைதான் அண்மைய காலத்தில் அதிகம் பேசப்படுகிறது. காறை எலும்பிலும் காக்கையலகிலும் சில மில்லிமீற்றர் அகலத்தில் துளையிட்டு, மிக வலுவான நூலைக் கோத்து, இரு முனையிலும் சட்டைப் பொத்தான் போன்ற சிறிய உலோகத் தகடுகளால் இறுக்கிவிடுகிறார்கள். நுண்துளை வழியாக, கமராவைப் பார்த்தபடியே செய்யலாம். கழற்றுவதற்கென்று மறுபடி படுக்க வேண்டியதில்லை என்பது இதன் பெரிய வசதி. குறையும் இருக்கிறது: துளையிட்ட இடத்தில் எலும்பு முறியலாம்; நூல் எலும்பை அறுத்துக்கொண்டு தளர்ந்து மேடு ஓரளவு திரும்பவும் வரலாம். மேல் நோக்கிய விலகலை நன்றாகப் பிடிக்கும் இந்த நூல், முன்பின் ஆட்டத்தை அவ்வளவாகப் பிடிக்காது என்பதால், பலர் இப்போது மூட்டைச் சுற்றியும் ஒரு கட்டுப் போடுகிறார்கள்.

மூன்று வாரம் கடந்துவிட்டால் தசைநார்ப் பதியம்தான் பேச்சு. முழங்காலின் பின்புறத் தசைகளில் ஒன்றின் நாரை எடுத்து, காக்கையலகைச் சுற்றிக் கொண்டுவந்து, காறை எலும்பில் பழைய நார்கள் இருந்த இடங்களிலேயே பொருத்துகிறார்கள். அந்த நார் இல்லாமல் நடப்பதில் பெரும்பாலானோருக்குக் குறை தெரிவதில்லை. 1972 இல் வந்த வீவர்–டன் முறையில், தோளுச்சிக்கும் அலகுக்கும் இடையில் ஏற்கெனவே உள்ள ஒரு நாரைப் பெயர்த்துக் காறை எலும்பின் நுனியில் கட்டுவார்கள். தனியே செய்தால் அதன் பலம் போதாது என்பதால் இன்று நூலோ பதியமோ சேர்த்துத்தான் செய்கிறார்கள்.

எது சிறந்தது என்று கேட்டால், எல்லோருக்கும் பொருந்தும் ஒன்று இன்னும் தேறவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்தால் நிபுணரிடம் முறையின் பெயரைக் கேட்க மாட்டேன். ‘நீங்கள் அடிக்கடி செய்வது எது, தளர்ந்துபோனால் அடுத்து என்ன செய்வீர்கள்’ என்று கேட்பேன். அரசாங்க வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம் என்றாலும், குறிப்பிட்ட உபகரணம் கையிருப்பில் இருக்கிறதா, வெளியில் வாங்கித் தர வேண்டுமா என்பதையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். எந்த முறையானாலும் ஆறு வாரம் அளவில் கையைத் தாங்கி வைக்க வேண்டும். மூட்டை தூக்குவதை மூன்று, நான்கு மாதங்களுக்கு மறந்துவிட வேண்டும். கடை முதலாளியிடம் இதை இப்போதே சொல்லிவிடுவது நல்லது. நீரிழிவு இருந்தால் சீனியைக் கட்டுக்குள் கொண்டுவந்த பிறகே சத்திரசிகிச்சைக்குப் போங்கள், புகைப்பவரானால் நிறுத்துங்கள். தோளின் மேல் தோல் மெல்லியது, கிருமி தொற்றினால் உள்ளே வைத்த பொருளையே எடுக்க வேண்டிவரும்.

உங்கள் கடிதத்தின் கடைசியில், உறவினர் ஒருவர் முறிவு நெரிவு வைத்தியரிடம் மூலிகைப் பத்துக் கட்டச் சொல்வதாக எழுதியிருக்கிறீர்கள். கையை அசையாமல் தாங்கி வைப்பதில் அவர்களுக்கும் நமக்கும் சண்டையில்லை. ஆனால் எலும்பை அழுத்தி ‘இடத்தில் உட்கார வைப்பது’ இந்த மூட்டில் நடக்காது. அறுந்த நாருக்குப் பிடி கிடையாது. கையை எடுத்தவுடன் பழையபடிதான். விழுந்தபோது தோல் உராய்ந்திருந்தால், அதன் மேல் எண்ணெயும் மூலிகையும் வைத்து இறுக்கிக் கட்டுவது பின்னால் சத்திரசிகிச்சைக்கே தடையாகிவிடும்.

கேள்வி: மகனுக்கு வயது 14. பாடசாலை ரக்பி அணியில் விளையாடும்போது மற்றொரு பிள்ளை மேலே விழுந்ததில் இடது தோளின் நுனி மேடாகிவிட்டது. காறை எலும்பு மூட்டு விலகல் என்றார்கள். அடுத்த பருவத்தில் விளையாட வேண்டும் என்பதற்காகச் சத்திரசிகிச்சை செய்துவிடலாமா? – தாய் ஒருவர், வெள்ளவத்தை

பதில்: அவசரப்பட வேண்டாம். வளரும் வயதில் இது பெரும்பாலும் உண்மையான விலகலே அல்ல. பிள்ளைகளின் காறை எலும்பைச் சுற்றி உறை போன்ற ஒரு தடித்த படலம் இருக்கும். அடிபடும்போது எலும்பு நுனி அந்த உறையைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். பெரியவர்களில் அறுந்துபோகும் அந்த இரண்டு நார்களும் பிள்ளைகளில் அறாமல் உறையோடு ஒட்டியபடியே கீழே இருக்கும். முருங்கைக்காயைப் பிளந்து நடுச்சதையை வெளியே எடுத்தாலும் தோல் அப்படியே இருப்பதைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். வெறுமையான அந்த உறைக்குள் புதிய எலும்பு வளர்ந்து நிரப்பிக்கொள்ளும். எனவே கையைத் தூக்கிக் கட்டி, சில வாரங்கள் பொறுத்திருந்தாலே பெரும்பாலான பிள்ளைகள் குணமாகிவிடுகிறார்கள். எலும்பு தோலை முட்டிக்கொண்டு நின்றாலோ, பின்னோக்கிப் போய் மாட்டியிருந்தாலோ மட்டும் நிபுணர் வேறு முடிவு எடுப்பார்.

விளையாட்டைப் பற்றி: வலியில்லாமல் கை எல்லாத் திசையிலும் அசைய வேண்டும், தள்ளுவதில் இரண்டு கைக்கும் சமபலம் வர வேண்டும். அதற்கு முன்னால் ஆளோடு ஆள் மோதும் ஆட்டம் கூடாது. பயிற்றுநர் கேட்டாலும், பழைய மாணவர்கள் தொலைபேசியில் அழைத்துக் கேட்டாலும் இதுவே பதில். பருவத்தின் முதல் சில ஆட்டங்கள் தவறிப்போகலாம்; அதற்காகச் சத்திரசிகிச்சை செய்வதில் எனக்கு உடன்பாடில்லை.

கேள்வி: ஐந்து மாதங்களுக்கு முன் தோளில் தகடு வைத்தார்கள். கழற்ற வரச் சொல்லிய திகதி கடந்துவிட்டது. வலி அதிகமில்லை, கையை உயர்த்தும்போது மட்டும் ஏதோ தட்டுகிறது. இன்னொரு முறை மயக்க மருந்தா என்ற பயத்தில் போகாமல் இருக்கிறேன். அப்படியே விட்டால் என்ன? – வாசகி, தெஹிவளை

பதில்: விடக் கூடாது. கால் எலும்பிலோ முன்கையிலோ வைத்த தகட்டை ஆயுள் முழுவதும் விட்டுவிடுவோர் பலர் இருக்கிறார்கள். அதை வைத்து இதையும் கணக்கிடாதீர்கள். உங்களுக்கு வைத்திருப்பது பெரும்பாலும் கொக்கித் தகடு. அந்தத் தட்டும் உணர்வு, கொக்கி தோளுச்சியின் அடியைத் தேய்ப்பதால் வருவது. நாளாக ஆக எலும்பு குடைந்து மெலியும், சிலருக்கு உச்சி முறிந்தும் போகும். அடியில் ஓடும் தசைநாரும் கிழியலாம். கழற்றும் சத்திரசிகிச்சை முதலாவதைவிடச் சிறியது. பலர் அன்றைக்கோ மறுநாளோ வீடு திரும்பிவிடுகிறார்கள். தகட்டை எடுத்த பின்பு கை உயர்வது தெளிவாகக் கூடுவதையும் அநேகமானோர் உணர்கிறார்கள். திகதி தவறியதற்காகக் கிளினிக்கில் ஏச்சு விழுமோ என்று தயங்க வேண்டாம். ஒரு புதிய எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு அடுத்த திகதி தருவார்கள்.

கேள்வி: வயது 58. நான்கு வருடங்களுக்கு முன் பஸ்ஸிலிருந்து இறங்கும்போது விழுந்து தோள்மூட்டில் இரண்டாம் வகை விலகல். அப்போது குணமாகிவிட்டது. இப்போது அந்தப் பக்கம் சரிந்து படுக்க முடியவில்லை. சீப்பை எடுத்து மறுபக்கத் தலையை வாரினால் தோள் நுனியில் சுள்ளென்கிறது. எனக்கு நீரிழிவும் உண்டு. – வாசகர், மட்டக்குளி

பதில்: கையைக் குறுக்கே கொண்டுபோகும்போது, ஒரு விரலால் சுட்டிக்காட்டக்கூடிய இடத்தில் வலி என்றால், அந்தச் சிறிய மூட்டு தேய்ந்திருக்கிறது என்றே முதலில் சந்தேகிக்க வேண்டும். இரண்டாம் வகை விலகலுக்குப் பின் இது அரிதல்ல. நார்கள் தாங்கிக்கொண்டிருக்கும் தோளில் மருந்துக்கும் பயிற்சிக்கும் வலி அடங்காவிட்டால், காறை எலும்பின் வெளிநுனியிலிருந்து ஒரு சென்ரிமீற்றருக்கு உட்பட்ட துண்டை எடுத்து, உரசுவதற்கு எதிர்ப்பக்கமே இல்லாமல் செய்துவிடுவார்கள். இதையே நார் அறுந்து தளர்ந்த தோளில் தனியாகச் செய்தால் ஆட்டம் கூடிவிடும். அதனால் உங்கள் பழைய எக்ஸ்ரே இருந்தால் கொண்டுபோங்கள்.

அதற்கு முன்னால் மூட்டுக்குள் ஊசி ஒன்று போட்டுப் பார்ப்பார்கள். அதில் ஸ்டீரொயிட் கலந்திருந்தால் சில நாட்களுக்குச் சீனி ஏறும். வீட்டில் அளவிடும் கருவி இருந்தால் அந்த நாட்களில் காலையும் மாலையும் பாருங்கள். ஊசியில் மரத்துப்போகும் மருந்தும் இருக்கும். போட்டுச் சில மணி நேரத்துக்குள் சீப்பை எடுத்து மறுபக்கம் வாரிப் பார்த்து, வலி இருந்ததா இல்லையா என்பதைக் குறித்துக்கொண்டு அடுத்த கிளினிக்கில் நிபுணரிடம் சொல்லுங்கள். வலி அந்த மூட்டிலிருந்துதான் வருகிறதா என்பதை அவர் அதை வைத்தே தீர்மானிப்பார்.